ஃபங்ஷனல் புரோகிராமிங்: யாருக்கு எந்தப் புத்தகம்?

கேள்வி இதுதான். கேட்டவர் யாழ்ப்பாணக் கம்பஸில் கணினி விஞ்ஞானம் இரண்டாம் வருடம். ஜாவா தெரியும், பைதன் கொஞ்சம். ஃபங்ஷனல் புரோகிராமிங், அதாவது மாறிகளை மாற்றிக்கொண்டிருக்காமல் சார்புகளை (ஃபங்ஷன்) வைத்தே நிரல் எழுதும் முறை, அதைப் படிக்க நல்ல புத்தகம் ஒன்று சொல்லுங்கோ என்கிறார். கூடவே இன்னும் இரண்டு பேருக்காகவும் கேட்கிறார்: உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் தங்கச்சி, கொழும்பில் பத்து வருடமாக ஜாவாவில் வேலை செய்யும் அத்தான். "ஒரே புத்தகத்தை வாங்கி மூன்று பேரும் மாறி மாறிப் படிக்கலாமா?"

சரிவராது, தம்பி. இன்னொன்றும் சொல்ல வேண்டும். தங்கச்சிக்கு எளிய புத்தகம், உங்களுக்கு நடுத்தரம், அத்தானுக்குக் கடினமானது என்று ஒரு வரிசை மனதில் வைத்திருப்பீர்கள். இந்த விஷயத்தில் அந்த வரிசை அடிக்கடி தலைகீழாகிவிடும். எத்தனை வருட அனுபவம் என்று பார்ப்பதைவிட, கையில் என்ன பழக்கம் ஊறியிருக்கிறது என்று பார்த்துத்தான் புத்தகம் எடுக்க வேண்டும்.

தங்கச்சி இணைந்த கணிதம் படித்தவள் என்றால், சார்பு என்ன என்பது அவளுக்கு ஏற்கெனவே தெரியும். 3 கொடுத்து 9 வந்தால், எப்போது கொடுத்தாலும் 9தான் வரும். அத்தான் அப்படியில்லை. மாறிக்குள் இருப்பதை எடுத்து, ஒன்று கூட்டி, திரும்ப அதற்குள்ளேயே போடுவதைப் பத்து வருடமாகச் செய்கிறார். அதைச் செய்யாமல் நிரல் எழுது என்றால் முதல் கிழமை எரிச்சல்தான் வரும். இது அவருடைய குறை இல்லை. ஃபோர்ட்ரான் என்ற பழைய நிரல் மொழியை உருவாக்கிய ஜோன் பாக்கஸே 1977இல் கணினி விஞ்ஞானத்தின் உயர் விருதான டியூரிங் விருது வாங்கியபோது, தன் உரை முழுவதையும் இந்தப் பழக்கத்திலிருந்து நிரலாக்கத்தை விடுவிக்க முடியாதா என்ற கேள்விக்குத்தான் ஒதுக்கினார். பழக்கத்தைத் தொடக்கிவைத்தவர்களில் ஒருவரே அப்படிக் கேட்டார் என்றால் பாருங்கள்.

இன்னொரு அளவுகோலும் வைத்திருக்கிறேன்: பயிற்சிக் கணக்குகள். இந்த வகை நிரலாக்கத்தை வாசித்து விளங்கிக்கொண்டதாக நினைப்பது மிகவும் சுலபம். ஒவ்வொரு பக்கமும் "ஓ, இவ்வளவுதானா" என்று தோன்றும். மூடி வைத்துவிட்டு ஒரு சார்பை வெறும் தாளில் எழுதச் சொன்னால் கை நின்றுவிடும். அதனால் பயிற்சி இல்லாத புத்தகத்தை, அது எவ்வளவு சுவையாக எழுதப்பட்டிருந்தாலும், முதல் புத்தகமாக நான் யாருக்கும் சொல்வதில்லை.

முதலில் தங்கச்சி. அவளுக்கு "ஹவ் டு டிசைன் புரோகிராம்ஸ்". மத்தியாஸ் ஃபெலைசனும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து எழுதியது. முதற்பதிப்பு 2001, இரண்டாம் பதிப்பு 2018. இரண்டாம் பதிப்பு முழுவதையும் இணையத்தில் காசில்லாமல் வாசிக்கலாம், அதையே வாசிக்கட்டும். மொழி ரேக்கெட். டாக்டர்ரேக்கெட் என்ற மென்பொருளை நிறுவினால் போதும், வேறு எதையும் தேடி அலைய வேண்டாம். பழைய மடிக்கணினியிலும் ஓடும். உதவிப் பக்கங்கள் எல்லாம் அதனோடு சேர்ந்தே வந்துவிடுவதால், டேட்டா முடிந்த நாளிலும் வேலை நிற்காது.

இந்தப் புத்தகத்தில் எனக்குப் பிடித்தது, மாணவர்களுக்கென்றே செய்த சிறிய மொழிகள். முதல் மொழியில் மிகக் கொஞ்ச விஷயங்கள்தான் இருக்கும். பிழை விட்டால், அந்த நிலையில் இருப்பவருக்கு விளங்கும் வார்த்தைகளில்தான் எரர் வரும். தேறத் தேற அடுத்த மொழிக்குப் போகலாம். மாறியின் மதிப்பை மாற்றும் வசதி தொடக்கத்தில் கிடையவே கிடையாது. தொடக்கப் பகுதியிலேயே ராக்கெட் ஒன்று தரையிறங்கும் அசைபடம் செய்ய வைப்பார்கள். அதுவும் ஒரு சார்புதான்: நேரத்தைக் கொடுத்தால் படம் வரும்.

அப்புறம் நிரல் எழுதும் படிமுறை. எந்தக் கணக்கு வந்தாலும் ஆறு படி: தரவு எப்படிப்பட்டது என்று எழுது, சார்புக்கு என்ன போகிறது, என்ன வருகிறது, எதற்காக என்று ஒரு வரி எழுது, உதாரணங்கள் எழுது, தரவின் வடிவத்தைப் பார்த்து ஒரு சட்டகம் போடு, சட்டகத்தை நிரப்பு, சோதித்துப் பார். கேட்கச் சலிப்பாக இருக்கும். ஆனால் ரிகர்ஷன் (ஒரு சார்பு தன்னையே திரும்ப அழைப்பது) என்றதும் பயப்படும் பிள்ளைகளுக்கு இது பெரிய கைப்பிடி. ஒரு கடையின் வரவுகள் 40, 60, 25 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் வேண்டும். லிஸ்ட் என்பது ஒன்றில் வெறுமை, அல்லது ஒரு முதல் உறுப்பும் மீதி லிஸ்டும். தரவுக்கு இரண்டு வடிவம் என்றால் சார்புக்கும் இரண்டு வரி. வெறுமை என்றால் 0. இல்லையென்றால் முதல் உறுப்போடு மீதியின் கூட்டுத்தொகையைக் கூட்டு. அவ்வளவுதான். ஓடும்போது இப்படிப் போகும்:

கூட்டு [40, 60, 25]
= 40 + கூட்டு [60, 25]
= 40 + 60 + கூட்டு [25]
= 40 + 60 + 25 + கூட்டு []
= 40 + 60 + 25 + 0
= 125

பள்ளிக்கூடத்தில் சுருக்கல் கணக்குச் செய்த அதே மாதிரி, ஒவ்வொரு வரியும் மேல் வரிக்குச் சமன். டாக்டர்ரேக்கெட்டில் ஸ்டெப்பர் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அமத்தினால் அவள் எழுதிய நிரலையே இப்படி ஒவ்வொரு படியாகச் சுருக்கிக் காட்டும். லூப்பில் நின்று யோசித்துப் பழகிய உங்களையும் என்னையும்விட, இதைத் தங்கச்சி கெதியாகப் பிடித்துக்கொள்வாள்.

ஒரு சிக்கல் உண்டு, அதை மறைக்கக் கூடாது. அந்தப் புத்தகம் மெத்தப் பெரியது, ஆங்கிலமும் நீளம் நீளமாகப் போகும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் கனபேர் உயர்தரம் வரைக்கும் தமிழ் மொழிமூலம், கம்பஸுக்கு வந்ததும் திடீரென்று எல்லாம் ஆங்கிலம். நிரலாக்கம் விளங்கவில்லையா, வசனம் விளங்கவில்லையா என்று பிரித்தறிய முடியாமல் "எனக்கு இது ஓடாது" என்று விட்டுவிடுகிறார்கள். தங்கச்சிக்கும் அந்தத் தயக்கம் இருந்தால் "த லிட்டில் ஸ்கீமர்" நல்லது. டானியல் ஃப்ரீட்மனும் ஃபெலைசனும் எழுதியது; 1974இல் வேறு பெயரில் வந்த சிறு நூலிலிருந்து வளர்ந்து, 1996இல் நான்காம் பதிப்பாக இந்தப் பெயரில் இருக்கிறது. முழுவதும் கேள்வி, பதில். இடப்பக்கம் ஒரு கேள்வி, வலப்பக்கம் ஒரு பதில், இரண்டும் ஒன்றிரண்டு வரி. பதிலை ஒரு தாளால் மூடிவைத்துக்கொண்டு தானே சொல்லிப் பார்க்கலாம். கணினியே தேவையில்லை. ஒன்பதாம் அத்தியாயத்தில் தலை சுற்றும், அங்கே நிறுத்திவிட்டுப் பிறகு ஒரு காலத்தில் திரும்பி வரட்டும்.

தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் பைதன் படித்திருந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்ய வேண்டாம். பாடத்துக்குப் படித்த அளவு பைதன் இதற்கு இடைஞ்சல் இல்லை.

இனி நீங்கள். உங்களுக்கு மொழி ஹாஸ்கெல், புத்தகம் கிரகாம் ஹட்டன் எழுதிய "புரோகிராமிங் இன் ஹாஸ்கெல்". 2016இல் வந்த இரண்டாம் பதிப்பாகப் பார்த்து எடுங்கள். கிட்டத்தட்ட முந்நூறு பக்கம்தான். வசனங்கள் சின்னச் சின்னதாக, சுற்றிவளைக்காமல் இருக்கும். ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசியிலும் பயிற்சி, அவற்றில் சிலதுக்கு நூலின் பின்னால் விடை. நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் அவர் நடத்திய விரிவுரைகளை யூடியூபில் போட்டிருக்கிறார். ஒரு அத்தியாயம் வாசித்து, கணக்குகளைச் செய்த பிறகு அந்த விரிவுரையைப் பாருங்கள். முதலில் பார்த்துவிட்டால் புத்தகத்தைத் திறக்கவே மாட்டீர்கள், எங்களுக்குத் தெரியாதா.

ஒன்பதாம் அத்தியாயத்தை உதாரணத்துக்கு எடுக்கிறேன், ஏனென்றால் ஜாவா தெரிந்த ஒருவருக்கு ஹாஸ்கெல் என்ன தரும் என்பது அங்கேதான் தெளிவாகத் தெரியும். ஒரு தொலைக்காட்சிப் போட்டிக் கணக்கு. 1, 3, 7, 10, 25, 50 என்ற எண்கள் தந்திருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் அதிகபட்சம் ஒரு தடவை பாவித்து, கூட்டல் கழித்தல் பெருக்கல் வகுத்தலால் 765 கொண்டுவர வேண்டும். ஒரு விடை: 25இலிருந்து 10ஐக் கழித்து, 50உடன் 1ஐக் கூட்டி, இரண்டையும் பெருக்கு. 15 பெருக்கல் 51, சரியாக 765. ஹட்டன் முதலில் செய்வது வேகமான நிரல் இல்லை. "விடை என்றால் என்ன" என்பதை அப்படியே சார்புகளாக எழுதிவிடுகிறார். எண்களிலிருந்து எல்லாத் தெரிவுகளையும் எடு, ஒவ்வொரு தெரிவிலிருந்தும் எல்லாக் கோவைகளையும் உண்டாக்கு, 765 வருவதை மட்டும் வைத்திரு. வரையறை எழுதி முடிய நிரலும் எழுதி முடிந்துவிடும். அது மெதுவாக ஓடும். பிறகு பிழையான கோவைகளை முளையிலேயே கிள்ளுகிறார். அதற்குப் பிறகு, 3ஐயும் 7ஐயும் எந்த ஒழுங்கில் கூட்டினாலும் ஒன்றுதானே, 1ஆல் பெருக்குவதில் பயனில்லையே என்ற கணித உண்மைகளைப் போட்டு இன்னும் கனக்கக் கோவைகளை வெட்டுகிறார். ஒவ்வொரு தடவையும் மாறுவது ஒன்றிரண்டு வரிதான். ஜாவாவில் இதையே எழுதிப் பாருங்கள், வித்தியாசம் உங்கள் கைக்கே தெரியும்.

ஹட்டனின் ஏழாம் அத்தியாயத்தில் ஃபோல்ட் வரும். அங்கே கொஞ்சம் நின்று, ஜோன் ஹியூஸ் எழுதிய "வை ஃபங்ஷனல் புரோகிராமிங் மேட்டர்ஸ்" என்ற கட்டுரையின் முதற்பாதியை வாசியுங்கள். 1989இல் சஞ்சிகையில் வந்தது, இணையத்தில் கிடைக்கும். மேலே தங்கச்சிக்குச் சொன்ன அதே லிஸ்டை எடுப்போம். உள்ளே அது இப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது:

40 : (60 : (25 : []))

முக்காற்புள்ளி இருக்கும் இடமெல்லாம் கூட்டல் அடையாளத்தைப் போடுங்கள், கடைசி வெறுமைக்கு 0 போடுங்கள்:

40 + (60 + (25 + 0))

மொத்தம் வந்துவிட்டது. கூட்டலுக்குப் பதில் பெருக்கல், 0க்குப் பதில் 1 போட்டால் பெருக்கம். "அல்லது", "பொய்" என்று போட்டால், உண்மை ஒன்றாவது இருக்கிறதா என்ற சோதனை. லிஸ்டை ஒவ்வொன்றாகப் பார்த்துப் போகும் வேலை ஒரு தடவை எழுதப்பட்டுவிட்டது. இனி நீங்கள் கொடுப்பது எதை எதால் மாற்றுவது என்பதை மட்டும். ஃபோல்ட் என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் ஒன்றை நான் வேறெங்கும் வாசித்ததில்லை. கட்டுரையின் பிற்பாதியில் சோம்பல் மதிப்பீடு, அதாவது ஒன்றைத் தேவைப்படும்போதுதான் கணிப்பது, வருகிறது. அதை ஹட்டனின் பதினைந்தாம் அத்தியாயம் முடித்த பிறகு வாசித்தால் நன்றாக இறங்கும்.

உங்கள் கூட்டாளிகள் வேறு ஒன்றைச் சொல்வார்கள்: "லேர்ன் யூ அ ஹாஸ்கெல் ஃபோர் கிரேட் குட்". படங்கள், பகிடி எல்லாம் போட்டு மிரான் லிப்போவாச்சா எழுதியது, 2011இல் அச்சில் வந்தது, இணையத்தில் காசில்லை. உலகம் முழுக்க எத்தனையோ பேரை ஹாஸ்கெலுக்குக் கூட்டிவந்த புத்தகம், அதைக் குறைவாகச் சொல்ல மாட்டேன். ஆனால் முதல் புத்தகமாக வேண்டாம். ஒரு பயிற்சிகூட அதில் இல்லை. பகிடிகள் எல்லாம் பேச்சு ஆங்கிலமும் வெள்ளைக்காரர் பார்த்த படங்களும்; தமிழ் மொழிமூலம் படித்து வந்த ஒருவர் பகிடியை விளங்கப் போய்ப் பாடத்தை விட்டுவிடுவார். மூன்றாவது, அது வந்த பிறகு ஹாஸ்கெல் மாறிவிட்டது. 2015இல் வந்த மாற்றத்தால், மோனாட் (படிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கும் ஒரு பொது வடிவம்) ஒன்றை வரையறுக்க முன்னர், அதைவிட எளிய வடிவங்களான ஃபங்டராகவும் அப்ளிக்கேட்டிவாகவும் அதை வரையறுத்தாக வேண்டும். 2018இல் மொனாய்டு என்ற இன்னொரு வடிவத்துக்கும் அதேபோல் ஒரு முன்நிபந்தனை வந்தது. பழைய உதாரணங்களை அப்படியே அடித்தால் எரர்தான் வரும், பிழை உங்களுடையது என்று நினைப்பீர்கள். 2008இல் வந்த "ரியல் வேர்ல்ட் ஹாஸ்கெல்" புத்தகத்துக்கும் இதே வருத்தம், கொஞ்சம் கூடுதலாக.

ஹட்டனின் புத்தகம் கையில் கிடைக்காவிட்டால், ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகம் இணையத்தில் காசில்லாமல் வைத்திருக்கும் ஹாஸ்கெல் பாடநெறியை எடுங்கள். கணக்குகள் நிறைய, எழுதியது சரியா என்று நிரலே சோதித்துச் சொல்லும். "ஹாஸ்கெல் புரோகிராமிங் ஃப்ரொம் ஃபர்ஸ்ட் பிரின்சிப்பிள்ஸ்" ஆயிரம் பக்கத்துக்கு மேல். ஆறுதலாக, ஒவ்வொரு பயிற்சியாகச் செய்பவருக்குப் பொன் மாதிரி, அரைவாசியில் விடுபவருக்கு வீண் செலவு. நீங்கள் எந்த வகை என்று உங்களுக்குத்தான் தெரியும்.

ஹாஸ்கெல் பிடிக்கவில்லை என்றால் ஓகாமல் என்ற மொழி. கோர்னெல் பல்கலைக்கழகத்தின் பாடத்துக்காக மைக்கல் கிளார்க்சன் எழுதிய இணையப் புத்தகம் காசில்லாதது, ஒவ்வொரு பகுதிக்கும் சிறு காணொளியும் உண்டு. ஓகாமலில் தேவைப்பட்டால் மாறியை மாற்றலாம், திரையில் அச்சிட மோனாட் எல்லாம் வேண்டாம். ஜாவாவில் இருந்து வரும் ஒருவருக்குத் தரை கொஞ்சம் உறுதியாக இருக்கும். மடிக்கணினியில் நான்கு ஜிபி நினைவகம்தான் இருக்கிறது என்றாலும் இதை யோசியுங்கள். ஹாஸ்கெலின் கம்பைலரும் துணைக்கருவிகளும் ஜிபிக் கணக்கில் இறங்கும். எடிட்டருக்குள் இருந்து உதவி செய்யும் கருவி நினைவகத்தை நன்றாகச் சாப்பிடும். வெறும் கம்பைலரும் சாதாரண எடிட்டரும் வைத்துச் சமாளிக்கலாம், ஹட்டனுக்கு அது போதும்.

சிக்ப் என்று எல்லோரும் கதைக்கும் புத்தகத்தைச் சொல்லவில்லையே என்று யோசிப்பீர்கள். "ஸ்ட்ரக்சர் அண்ட் இன்டர்பிரட்டேஷன் ஒஃப் கம்பியூட்டர் புரோகிராம்ஸ்", ஏபல்சனும் சஸ்மனும் எம்ஐடியில் முதலாம் வருடப் பிள்ளைகளுக்கு ஸ்கீம் என்ற மொழியில் படிப்பித்தது, இரண்டாம் பதிப்பு 1996, இணையத்தில் காசில்லை. அது தங்கச்சிக்குப் பாரம், உங்களுக்கு இரண்டாவது புத்தகம். முதல் அத்தியாயத்திலேயே வர்க்கமூலம், தொகையீடு என்று கணிதம் கொட்டும். இரண்டாம் அத்தியாயத்தில், கோவையைக் கொடுத்தால் வகையீடு செய்து கோவையாகவே திருப்பித் தரும் நிரல் ஒன்று எழுத வைப்பார்கள். இணைந்த கணிதத்தில் கையால் செய்த அதே விதிகள், ஒரு விதிக்கு ஒரு வரி. நான் இந்தப் புத்தகத்தை மதிப்பது மூன்றாம் அத்தியாயத்துக்காக. மாறியின் மதிப்பை மாற்றும் கட்டளை அங்கேதான் முதன்முதல் வருகிறது. அதுவரை இருநூறு பக்கத்துக்கு மேல் அது இல்லாமலே எல்லாம் எழுதியிருப்பீர்கள். வந்த உடனே, அதனால் என்னென்ன இழக்கிறோம் என்பதையும் ஆசிரியர்கள் ஒவ்வொன்றாகக் காட்டுவார்கள். ஸ்கீமின் அடைப்புக்குறிகள் கண்ணைக் குத்தினால், 2022இல் ஜாவாஸ்கிரிப்ட் பதிப்பு வந்திருக்கிறது, அதுவும் இணையத்தில் காசில்லாமல். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கும் மார்ட்டின் ஹென்ஸ் அந்த மாற்றத்தைச் செய்தவர்களில் ஒருவர்.

இனி அத்தான். மூன்று பேரிலும் அவருக்குப் புத்தகம் தெரிவுசெய்வதுதான் சிரமம். அவர் ஏற்கெனவே பாதி வழி வந்தவர் என்பது அவருக்கே தெரியாது. 2014இல் வந்த ஜாவா 8இலிருந்து லாம்டாவும் ஸ்ட்ரீமும் அவர் கையில் இருக்கிறது. மேப் (ஒவ்வொன்றையும் மாற்றுவது), ஃபில்டர் (வேண்டியதை மட்டும் எடுப்பது) எல்லாம் நாளாந்தம் எழுதுவார். அவரிடம் போய் லிஸ்டின் கூட்டுத்தொகையிலிருந்து தொடங்கினால் இரண்டு நாளில் மூடி வைத்துவிடுவார். மோனாடிலிருந்து தொடங்கினால் ஒரே நாளில். அவருக்குத் தேவை, திங்கட்கிழமை வேலைக்குப் போய்ப் பாவிக்கக்கூடிய ஒன்று.

அதற்கு ஸ்கொட் விளாஷின் 2018இல் எழுதிய "டொமைன் மொடலிங் மேட் ஃபங்ஷனல்". மொழி எஃப்-ஷார்ப், ஆனால் அவர் அதில் வேலை செய்யப் போவதில்லை என்றாலும் பரவாயில்லை, வாசிக்கச் சுலபம். ஒரு சிறு நிறுவனம் ஓடர் எடுக்கும் முறையைத் தொடக்கம் முதல் கடைசி வரை கட்டுகிறார். மையக் கருத்து ஒன்றுதான்: நடக்கக் கூடாத நிலையை எழுதவே முடியாதபடி டைப்பை (தரவின் வகையை) அமை. யாழ்ப்பாணம்–கொழும்பு இரவு பஸ்ஸில் ஆசனம் பதிவு செய்யும் மென்பொருளை எடுங்கள். வழக்கமாக என்ன செய்வோம்? ஆசனம் என்ற வகுப்புக்குள் மூன்று ஆம்-இல்லை மாறிகள்: பதிவானதா, பணம் கட்டியதா, ரத்தானதா. மூன்றுக்கும் சேர்த்து எட்டுச் சேர்க்கை வரும். அதில் "பதிவாகவில்லை, ஆனால் பணம் கட்டியாயிற்று" என்பதும் ஒன்று. அப்படி ஒரு ஆசனம் எந்த பஸ்ஸிலும் இல்லை. ஆனால் நிரலில் இருக்கலாம், இருந்தால் ஒருநாள் வந்தே தீரும், இரவு ஒன்பது மணிக்கு பஸ் வெளிக்கிடும் நேரம் பார்த்து வரும். அதற்காக ஒவ்வொரு இடத்திலும் இஃப் போட்டுச் சோதித்துக்கொண்டிருப்போம். விளாஷின் வழியில், ஆசனம் என்பது வெறுமை, பதிவானது, பணம் கட்டியது, ரத்தானது என்ற நான்கில் ஏதோ ஒன்று. பதிவானதற்குப் பயணியின் பெயர் உண்டு, பணம் கட்டியதற்குப் பெயரும் பற்றுச்சீட்டு இலக்கமும் உண்டு, வெறுமைக்கு ஒன்றுமில்லை. பற்றுச்சீட்டு அச்சிடும் சார்பு, பணம் கட்டிய ஆசனத்தை மட்டும்தான் ஏற்கும். வேறொன்றைக் கொடுத்தால் கம்பைலரே விடாது.

அத்தானுக்கு இன்னொரு நல்ல செய்தி, இதை அவர் ஜாவாவிலேயே செய்யலாம். 2021இல் ஜாவா 16உடன் ரெக்கோர்டும் (தரவை வைத்திருக்கும் வகுப்பு) 17உடன் சீல்ட் வகுப்பும் (இன்னின்ன வகைகள்தான் என்று கட்டுப்படுத்துவது) நிரந்தரமாக வந்துவிட்டன. 2023இல் ஜாவா 21, சுவிட்சுக்குள் வடிவத்தைப் பார்த்துப் பிரிக்கும் வசதியைத் தந்தது; நான்கு வகையில் ஒன்றை மறந்துவிட்டால் கம்பைலர் சொல்லும். வேலைசெய்யும் இடத்தில் இன்னும் ஜாவா 8தான் என்றால், அது புத்தகத்தால் தீரும் பிரச்சினை இல்லை.

வேலையில் அவர் ஜாவாஸ்கிரிப்டும் எழுதுகிறார் என்றால் எரிக் நோர்மண்டின் "க்ரொக்கிங் சிம்பிளிசிட்டி", 2021. நிரலில் இருப்பவற்றை மூன்றாகப் பிரிக்கிறார்: எப்போது, எத்தனை தடவை ஓடுகிறது என்பதில் விளைவு தங்கியிருப்பவை, உள்ளே போவதை வைத்து விடை தருபவை, வெறும் தரவு. முதலாவதைக் குறைத்து இரண்டாவதைக் கூட்டுவதுதான் புத்தகம் முழுக்க. மோனாட் பக்கமே போகாது. கொஞ்சம் இழுத்து இழுத்துத்தான் சொல்வார், வேகமாகத் தட்டிக்கொண்டு போகலாம்.

இந்த இரண்டில் ஒன்றை முடித்த பிறகு, இன்னும் ஆழமாக வேண்டும் என்று அவரே கேட்டால் மட்டும் "ஃபங்ஷனல் புரோகிராமிங் இன் ஸ்காலா". சிவப்பு அட்டைப் புத்தகம் என்பார்கள். 2014இல் வந்தது, ஸ்காலா 3க்காகத் திருத்திய இரண்டாம் பதிப்பு 2023. வாசிக்கும் புத்தகமே இல்லை அது, செய்யும் புத்தகம். லிஸ்ட், ஓப்ஷன், ஸ்ட்ரீம் எல்லாவற்றையும் நீங்களே கட்ட வேண்டும், பிறகு ஒரு பார்சர் (எழுத்தை வாசித்துப் பகுதி பகுதியாகப் பிரிப்பது) நூலகம், பிறகுதான் மோனாட். அந்த இடத்துக்கு வரும்போது ஒரே வடிவத்தை வேறு வேறு பெயரில் எழுதிக் கை அலுத்திருக்கும், அதனால் மோனாட் ஏன் வந்தது என்று விளக்கவே தேவையில்லை. பயிற்சிகளைத் தாண்டிப் போனால் புத்தகத்தில் மிஞ்சுவது கொஞ்சம்தான். வேலைக்குப் போய்வரும் ஒருவர் இதை ஒரு மாதத்தில் முடிக்க முடியாது, வீட்டில் அக்காவிடம் முதலே சொல்லி வைக்கச் சொல்லுங்கள்.

எர்லாங், எலிக்சர் என்ற மொழிகளின் பக்கம் வேறு கதை. எரிக்சன் நிறுவனத்தின் தொலைபேசி வேலைக்காகப் பிறந்த மொழி எர்லாங். அங்கே முக்கியம் ஒரே நேரத்தில் கன வேலை ஓடுவதும் ஒன்று விழுந்தால் மற்றது எழுப்புவதும். அது வேண்டியவருக்கு, எர்லாங்கை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜோ ஆர்ம்ஸ்ட்ரோங்கின் "புரோகிராமிங் எர்லாங்", 2013 பதிப்பு. உங்கள் மூன்று பேருக்கும் இப்போது அவசரமில்லை.

இதற்கெல்லாம் பிறகு நீங்கள் போகக்கூடிய இடம் ஒன்றைச் சொல்லிவைக்கிறேன், தரவுக் கட்டமைப்புப் பாடம் பிடிக்கும் என்றால். கிரிஸ் ஒக்காசாக்கியின் "பியூர்லி ஃபங்ஷனல் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ்", 1998. எதையும் மாற்றாமல் ஒரு வரிசையை எப்படி வேகமாக வைத்திருப்பது? இரண்டு லிஸ்ட். முன்னால் நிற்பவர்கள் ஒன்றில், பின்னால் வந்து சேர்பவர்கள் தலைகீழாக மற்றதில். முன்லிஸ்ட் தீர்ந்தால் பின்லிஸ்டைத் திருப்பிப் போடு. திருப்புவது செலவுதான், ஆனால் ஒவ்வொருவரும் ஒரு தடவைதான் திருப்பப்படுவார் என்பதால் சராசரியில் செலவு மாறிலி. அதே வரிசையின் பழைய பிரதியை யாராவது திரும்பத் திரும்ப எடுத்தால் இந்தக் கணக்கு உடையும். அங்கேதான் சோம்பல் மதிப்பீடு வந்து காப்பாற்றுகிறது. நூல் விலை கூட என்றால், அதற்கு மூலமான அவருடைய 1996 ஆய்வேடு இணையத்தில் கிடைக்கிறது. டைப் கோட்பாட்டுக்கு பெஞ்சமின் பியர்ஸின் 2002 புத்தகம். மோனாட் போன்ற வடிவங்களுக்குப் பின்னால் இருக்கும் கணிதமான கேட்டகரி தியரி வேண்டுமென்றால் பார்த்தோஷ் மிலெவ்ஸ்கியின் இலவச நூல். அது விருப்பத்துக்கு; அது இல்லாமல் ஹாஸ்கெல் எழுத முடியாது என்பவர்களை நம்பாதீர்கள்.

காசு விஷயம். இறக்குமதிப் புத்தகத்தின் விலையை நான் சொல்லத் தேவையில்லை. காசு கொடுத்து ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஹட்டனை வாங்குங்கள், அல்லது அத்தானே தன் செலவில் விளாஷினை வாங்கட்டும், சம்பளம் எடுப்பவர்தானே. தங்கச்சியின் புத்தகமும் சிக்பும் காசில்லை. சிக்ப் பகிரும் உரிமத்தோடு வெளியிடப்பட்டது, ஆகவே இராமநாதன் வீதிப் பக்கம் போட்டோகொப்பிக் கடையில் முதல் இரண்டு அத்தியாயத்தை மட்டும் அச்சடித்துச் சுருள் போட்டு எடுத்துக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் அடிக்கச் சொல்லுங்கள், ஓரத்தில் கணக்குச் செய்ய இடம் விட்டு.